பச்சை போரான் காணோம்

அத்தியாயம் 7

பேராசிரியர் பாலசுந்தரம் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு பிளாஸ்டிக் கவர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே பச்சைத் திரவம். இன்னொன்றில் வாயில் முடிச்சுப் போட்ட மஞ்சள் துணிப்பை. இரண்டு கவரிலும் சிவப்பு மையில் ‘தடயம்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார்.

“தடயம் ஒண்ணு, போலிக் குழாய். தடயம் ரெண்டு, திருடனோட பை,” என்றார். “இதுக்கு மேலே நீங்க கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லைங்க. முதலாளி சொன்னாருன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

நான் கருப்பண்ணன். நாமக்கல்லில் முட்டை அட்டை விற்கும் கடைக்கு மாடியில் இருக்கும் அறிவுச்செல்வி துப்பறியும் நிலையத்தின் உதவியாளர், டிரைவர், வரவேற்பாளர், காவலாளி எல்லாம் நானே. அதற்கு முன் சேலம் – நாமக்கல் தனியார் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டர். அந்த வேலை எனக்கு ஒன்றே ஒன்று கற்றுக்கொடுத்தது. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பான்.

அந்த ஆய்வகத்தில் எங்களைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். பேராசிரியர் எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். திருடன் என்று அவர் முடிவு கட்டியிருந்த ஆய்வக உதவியாளர் மாதையன், ஐம்பத்தாறு வயது மனிதர், ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தது ஆராய்ச்சி மாணவி யாழினி. காணாமல் போன குழாய்க்குச் சொந்தக்காரியே அவள்தான். இது என்னடா வம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அறிவுச்செல்வி அக்கா யாரையும் பார்க்கவில்லை, அறையைப் பார்த்தார். அக்கா இருபது வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். கவிழ்ந்து கிடக்கும் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டிரைவர் தூங்கினானா, ரோடு வாரிவிட்டதா என்று சொல்லிவிடுவார். நாமக்கல் மாவட்டத்து லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அவர் பேரைக் கேட்டால் இன்னும் சோறு இறங்காது.

பார்க்கிறதுக்கு அறையில் நிறைய இருந்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பொறியியல் கல்லூரியும், கீழே இருக்கும், போர்வெல் போடும் ரிக் லாரிப் பட்டறையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். ஒரே காம்பவுண்டு, ஒரே வாட்ச்மேன். பட்டறையில் வெல்டிங்குக்கு வரும் ஆர்கான் வாயு சிலிண்டர்களில் ஒன்றிரண்டு மாடி ஏறி இந்த ஆய்வகத்துக்கும் வரும். ஆயுத பூசையும் ரெண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். புதன்கிழமை பூசை முடிந்து இன்று வெள்ளி. தராசு, கம்ப்யூட்டர், சிலிண்டர், தீயணைப்பான், பேராசிரியரின் நாற்காலி என்று எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன.

“காணாமப் போனது என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு சாமி,” என்று அக்கா யாழினியிடம் கேட்டார்.

யாழினி எடப்பாடித் தறிக்காரர் மகள். வேதியியலையும் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள்.

“அணுவெல்லாம் கை கோத்துத்தானுங்க நிக்கும். போரானுக்கு மூணு கை. ஆனா போரானும் போரானும் ஒண்ணையொண்ணு ஒத்தைக் கையால புடிக்கறதே பெரும்பாடு. ரெண்டு கை, மூணு கைன்னு கோத்து நிக்க வெக்கறது அதைவிடக் கஷ்டமுங்க. கீழே வெல்டிங் வெக்கறாங்களே அசிட்டிலீன், அதுல ரெண்டு கார்பன் மூணு கை கோத்துத்தான் நிக்குது. கார்பனுக்கு அது பழக்கம். போரானுக்கு அந்தப் பழக்கமே இல்லை.”

“நீ நிக்க வெச்சியா?”

“மூணரை வருசம் ஆச்சுங்க. ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மூலக்கூறு தோள் குடுத்துத் தாங்கோணும். அப்பத்தான் நிக்கும். நல்ல பச்சையா இருக்குமுங்க. சூட்டைக்கூடத் தாங்கும். ஆனா காத்தோ ஈரமோ துளி பட்டாப் போதும், கோத்த கையை உட்டுட்டு ஆக்ஸிஜனைப் புடிச்சுக்கும். பச்சை போயி வெளுத்துரும்.”

“எங்க பஸ்ல வர்ற ஜோடிங்க மாதிரி,” என்றேன். “சொந்தக்காரன் ஏறினா ஒடனே கையை உட்டுருவாங்க.”

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். யாழினிக்கு ஒரு நொடி சிரிப்பு வந்து, மாதையனைப் பார்த்ததும் போய்விட்டது.

மிச்சத்தைப் பேராசிரியர் சொன்னார். அந்தப் பச்சைச் சரக்கை பென்சீனில் கரைத்து, குழாய்க்குள் ஆர்கானோடு அடைத்து, கண்ணாடி வாயை நெருப்பில் உருக்கி மூடியது மாதையன். கடைசியாக மிஞ்சியது அந்த ஒரு குழாய்தான். செவ்வாய்க்கிழமை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி ரெண்டு, ஒன்று யாழினியிடம், ஒன்று மாதையனிடம். நேற்று வியாழக்கிழமை யாழினி எடுத்து நுனியை ஐஸில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பென்சீன் ஐஸ் குளிருக்கே கட்டியாக உறைந்துவிடும். இது உறையவில்லை. வேறு ஏதோ பச்சைத் தண்ணீர்.

“பூசை அன்னைக்குச் சாயங்காலம் இந்த ஆளு பீரோப் பக்கம் இருந்து இந்தப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வர்றது வராந்தாக் கேமராவுல தெளிவா இருக்குது. பையைத் தன்னோட அலமாரியில ஒளிச்சு வெச்சிருந்தான். அஞ்சு மணிக்குச் சென்னையில இருந்து தேர்வாளர் வர்றாங்க. அதுக்குள்ள குழாய் வரலைன்னா, மாதையன் மேலே போலீஸ்ல மனு. முப்பது வருச வேலையும் இன்னையோட முடிஞ்சுது.”

“நான் எடுக்கலைங்க,” என்றார் மாதையன். அவ்வளவுதான் பேசினார்.

“பையிலே என்ன இருக்குதுன்னு பார்த்தீங்களா?” என்றார் அக்கா.

“போலீஸ்தான் பிரிக்கணுமுங்க. சட்டம் இருக்குது.”

அதற்குள் அவருடைய போன் அடித்தது. முதலாளி போலிருக்கிறது, எழுந்து நின்று பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். அக்கா கவரைத் திறந்து மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்த்தார். பொரி, பொட்டுக்கடலை, அச்சுவெல்லம், ஒரு தேங்காய்ச் சில்லு.

“பூசைக்குக் குடுத்ததுங்க,” என்றார் மாதையன். “பேத்திக்குன்னு வெச்சேன். பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல அலமாரியிலயே மறந்துபோட்டேன். காலையில சார் வந்து புடுங்கிக்கிட்டாருங்க.”

நான் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். பொரி நமுத்திருந்தது, வெல்லம் நன்றாக இருந்தது.

“தடயத்தைத் தின்னாதே,” என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் பையை மறுபடி முடிச்சுப் போட்டுக் கவரில் வைத்தார். “கீழே பட்டறையில போயி அஞ்சு டீ சொல்லிட்டு வா.”

பட்டறையில் டீ வருவதற்குள் நல்ல வேடிக்கை. போர்மேன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ரிக் ஓட்டும் அன்பழகன், கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவில் கத்தினான்.

“அண்ணா, மட்டமே நிக்க மாட்டேங்குது. குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுது. நடுவுல நிக்கவே மாட்டேங்குது.”

“நீ நேரா நின்னு பாரு சாமி, அது நிக்கும்,” என்றார் போர்மேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

“நேத்துல இருந்து இதே கதைதானுங்க. புதுச்சத்திரத்துல குப்பாயம்மா காட்டுல நிக்கறேன். கண்ணு மட்டத்துலதான் வண்டியை நிறுத்திப் போட்டுட்டிருக்கேன்.”

மேலே வந்து டீயைக் கொடுத்துக்கொண்டே இதை அக்காவிடம் நடித்துக் காட்டினேன். அன்பழகன் குரல், போர்மேன் குரல் ரெண்டும் நன்றாக வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. நல்ல காமெடிக்குக் கல்லூரியில் மதிப்பில்லை.

அக்கா கண்ணாடிக் குழாயைக் கவரோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் திரும்பி வந்துவிட்டார்.

“இதை யாராச்சும் தொடைச்சீங்களா?”

“ரேகை இருக்குதுங்களே. தொடவே உடலை.”

“பீரோவைச் செவ்வாக்கெழமை பூட்டினது. அப்பறம் நேத்துதான் தொறந்தது. சரியா சாமி?”

யாழினி ஜன்னல் பக்கம் திரும்பி, “ஆமாங்க,” என்றாள்.

“பூசை புதன்கெழமை,” என்றார் அக்கா. “செவ்வாக்கெழமை பூட்டின பீரோவுக்குள்ள இருந்த குழாய்க்குப் புதன்கெழமை சந்தனம் எப்படி வந்துச்சு?”

நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். குழாயின் நடுவில் சந்தனம் பட்டையாகக் காய்ந்து கிடந்தது, அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு. அறை முழுக்கச் சந்தனமாக இருந்ததால் இது ஒருத்தர் கண்ணிலும் உறுத்தவில்லை.

“திருடன் கையில சந்தனம் இருந்திருக்கும்,” என்றார் பேராசிரியர்.

“கையில இருந்தா ஈஷியிருக்குமுங்க. இது சுத்தி வர ஒழுங்காப் பட்டை போட்டு, மேலே பொட்டு வெச்சிருக்குது. திருட வந்தவன் இத்தனையும் பண்ணிட்டா போவான்?”

“பக்தியான திருடனா இருப்பானுங்க,” என்றேன்.

பேராசிரியர் போன் மறுபடி அடித்தது. அவர் வெளியே போய்க் கதவு சாத்தியதும் யாழினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

“நாந்தானுங்க எடுத்தேன்,” என்று அழுதாள். “பூசைத் தட்டுல நாந்தான் வெச்சேன். எல்லாரும் அவங்கவங்க ஆயுதத்தை வெச்சாங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு குழாய்தானுங்களே. மூணரை வருசம். நல்லபடியா முடியோணும்னு கும்புட்டுட்டு, பூசை முடிஞ்சதும் எடுத்துட்டு வந்து பீரோவுல வெச்சேன். நேத்து ஐஸ்ல உறையலைன்னதும் கை கால் ஓடலை. பூசையிலதான் யாரோ மாத்தியிருக்கோணும். ஆனா வெளியே எடுத்ததைச் சொன்னா சார் என்ற ஆராய்ச்சிப் பதிவையே ரத்துப் பண்ணிருவாரு. விஞ்ஞானியாட்டப் பேசிட்டு சாமி முன்னால வெச்சேன்னு எப்படிச் சொல்றது. அதனால போலி இருக்குதுன்னு மட்டும் சொன்னேன். பழி மாதையண்ணன் மேலே போகும்னு நினைக்கவே இல்லைங்க.”

அக்கா மாதையன் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியுமா?”

“அம்மிணி தட்டுல வெச்சதைப் பார்த்தேனுங்க,” என்றார் மாதையன். “ பூசைக்குத்தானே வெச்சுது, அதுல என்ன குத்தம்? சொன்னா அவியளுக்கு இன்னைக்குப் பரிச்சை போயிரும். எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் வேலை. அதான் வாயைத் தொறக்கலை.”

பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் பொய் சொல்லி டிக்கெட்டுக்குத் தப்பித்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் டிக்கெட்டுக்காகத் தான் இறங்கிப்போக நின்ற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்காவுக்கு அழுகைக்கெல்லாம் நேரமில்லை. “அந்தத் தட்டுல வேற என்ன இருந்துச்சு?” என்றார்.

“பட்டறைச் சாமானுங்க,” என்றார் மாதையன். “ஸ்பேனரு, டிரில் பிட்டு, ரிக்குக்காரங்க அளவு பாக்கற சாமான். எல்லாத்தையும் கழட்டித் தொடைச்சு வெச்சாங்க. மேலே பூவும் பொரியுமாக் கொட்டிக் கெடந்துது.”

அக்கா குழாயைக் கவரிலிருந்து எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் சந்தனப் பட்டையை மெதுவாகச் சுரண்டினார். சந்தனம் தூளாக உதிர்ந்தது. அதற்கு அடியில், கண்ணாடியைச் சுற்றி, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. அரை விரற்கடை தள்ளி இன்னொரு கோடு. குழாயைப் படுக்க வைத்தார். உள்ளே இருந்த காற்றுக் குமிழி நகர்ந்து வந்து ரெண்டு கோட்டுக்கும் நடுவில் சமர்த்தாக நின்றது.

“ரசமட்டக் குழாய்,” என்றார் மாதையன், வாய் பிளந்து.

கொத்தனார் சுவரில் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே ரசமட்டம்தான். ரிக் லாரியை நிறுத்தும்போது கோபுரம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, லாரிக்காரர்கள் அதை வண்டியிலேயே பொருத்தியிருப்பார்கள். உள்ளே பச்சைச் சாயம் போட்ட சாராயம்.

“போலி பண்ணறவன் எதுக்குக் கோடு போடப்போறான்?” என்றார் அக்கா. “இது போலியே இல்லை. ஒரு நல்ல ரசமட்டம். திருட்டே நடக்கலை. ரெண்டு பச்சைக் குழாய் ஒரே தட்டுல, பூவுக்கு அடியில. சந்தனம் பூசினதுல கோடு மறைஞ்சு போச்சு. இந்தப் பொண்ணு அவங்களுதை எடுத்துட்டு வந்துருச்சு. அவங்க இவளுதை எடுத்துட்டுப் போயிட்டாங்க. கருப்பண்ணா, டீ வாங்கப் போனியே, அந்தக் கதையை இன்னொரு தரம் சொல்லு.”

சொன்னேன். இந்த முறை மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

“ரசமட்டக் குழாய் பார்க்க நேராத் தெரியும், ஆனா உள்ளே நடுவுல இத்தினியூண்டு உப்பி இருக்கும்,” என்றார் அக்கா. “அதனாலதான் குமிழி நடுவுல வந்து நிக்கும். நேரான குழாயில குமிழி ஏன் நிக்கப்போகுது? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடத்தான் செய்யும். கிளம்புங்க. ஐஸ் ஒரு பிளாஸ்க்குல எடுத்துக்க சாமி.”

மணி பன்னிரண்டரை. ஐந்து மணிக்குள் குழாயோடு வருகிறோம் என்று மட்டும் அக்கா வராந்தாவில் பேராசிரியரிடம் சொல்ல, ரசமட்டக் குழாயையும் எடுத்துக்கொண்டு நாலு பேரும் காரில் ஏறி வையப்பமலை வழியாகப் புதுச்சத்திரம் போனோம். யாழினி வழி முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். ரெண்டு நாளாக வெயில், ரெண்டு நாளாக ரிக் ஆட்டம், எங்கேயாவது மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் காற்று போயிருக்கும், வெளுத்திருக்கும். மாதையன் ஒரே ஒரு முறை வாய் திறந்தார்.

“நான் மூடின வாயிலே விரிசல் உடாதுங்க அம்மிணி,” என்றார்.

குப்பாயம்மா காடு ரோட்டிலிருந்தே தெரிந்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ரிக் லாரி. அதைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். தரையிலிருந்து சேற்று நிறத்தில் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பையன்கள் அதில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அன்பழகன் தலையில் சேறும் முகத்தில் சிரிப்புமாக ஓடி வந்தான்.

“அறுநூத்தி நாப்பது அடியில வந்துருச்சுங்க,” என்றான், நாங்கள் யார் என்றுகூடக் கேட்காமல். “இதே காட்டுல இதுக்கு முன்னால மூணு போரு. மூணும் தண்ணியில்லாம வெறும் புகை.”

“உங்க ரசமட்டம் எங்கே?” என்றார் அக்கா.

அவன் சிரிப்பு குறைந்தது. “அது பூசையில இருந்து ஒரு தினுசா இருக்குதுங்க. பூசை முடிஞ்சு குழாயை மாட்டினேன், ஆட்டம் குடுத்துது. சைஸ் கொஞ்சம் சின்னதாத் தெரிஞ்சுது. கண்ணாடி வெயில்ல சுருங்குமோ என்னமோன்னு துணியை வெச்சுத் திணிச்சுட்டேன். இப்ப அது எங்கிட்ட இல்லைங்க. அந்தம்மா வெச்சிருக்காங்க.”

குப்பாயம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு, ஒரு கையில் செல்போன். இன்னொரு கையில் ரசமட்டச் சட்டத்தோடு எங்கள் பச்சைக் குழாய். அதற்கு மஞ்சள் கயிறு கட்டி, புதுசாகப் பொட்டு வைத்து, பக்கத்தில் ஒரு செங்கல் மேல் கற்பூரமும் ஏற்றியிருந்தார். குழாய் பச்சைப்பசேல் என்று இருந்தது. யாழினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்கம்மா, அது இந்தப் பொண்ணோடதுங்க,” என்றேன். “குடுத்தா கும்புட்டுட்டுப் போயிருவோம்.”

“எந்தப் பொண்ணோடதா இருந்தாலும் தர முடியாது,” என்றார் குப்பாயம்மா. “நல்ல மட்டம் வெச்சு நேராப் போட்ட மூணும் பொய்யாப் போச்சு. இந்தப் பச்சை வந்தப்பறந்தான் தண்ணி வந்துது. இது என்ற மோட்டார் ரூம்புலதான் இருக்கும். தெனமும் வெளக்கு வெப்பேன்.”

கண்டக்டர் தொழிலில் கற்ற வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன். கெஞ்சினேன், மிரட்டினேன், சட்டம் பேசினேன். அதுக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. மாதையன் கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மிணி, அது வரலைன்னா என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்க,” என்றார். குப்பாயம்மா முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. “வாங்க, போலீஸ்கிட்ட நான் வந்து சொல்லறேன். ஆனா இதைத் தரமாட்டேன்,” என்றார். கூட்டம் அவர் பக்கம். மணி மூன்றாகிவிட்டது.

அக்கா அதுவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“யாழினி, அந்தச் சரக்கு மேலே தண்ணி பட்டா என்ன ஆகும்?”

“செத்துருங்க.”

“ஒரு சொட்டு பட்டாலா?”

“ஈரக்காத்து பட்டாலே போதுமுங்க. கோத்த கையை உட்டுரும், வெளுத்துரும். தண்ணியும் அதுவும் ஒரு எடத்துல இருக்கவே முடியாது. அதுக்காகத்தான் இத்தனை கெட்டியா மூடி வெச்சிருக்குது.”

குப்பாயம்மா குழாயைப் பார்த்தார். பீய்ச்சுகிற தண்ணீரைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

“இதுக்குத் தண்ணி ஆகாதா?”

“ஆகவே ஆகாதுங்கம்மா.”

“மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்றார் குப்பாயம்மா, குரல் ஏறிப்போய். “தண்ணி ஆகாததைக் கொண்டாந்து போர்க்குழி மேலயா கட்டி வெப்பாங்க? இதை மோட்டார் ரூம்புல வெச்சிருந்தா என்ற கெணறு என்னத்துக்கு ஆகும்? எடுத்துட்டுப் போங்க, சீக்கிரமா எடுத்துட்டுப் போங்க.”

சட்டத்தைக் கையை நீட்டி, உடம்பில் படாமல், யாழினியிடம் கொடுத்தார். கற்பூரத்தையும் ஊதி அணைத்துவிட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

யாழினி சட்டத்திலிருந்து குழாயை எடுத்து, பிளாஸ்க் ஐஸில் செருகினாள். மாதையன் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் போலத் தோன்றியது, ஐந்தாறு நிமிஷம்தான் இருக்கும். வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது ஒழுகவில்லை. பச்சைக் கட்டியாக உறைந்து நின்றது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள், எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அன்பழகன் தன் சொந்த ரசமட்டக் குழாயை வாங்கிச் சட்டத்தில் மாட்டினான். இந்த முறை துணி தேவைப்படவில்லை. லாரி மேல் வைத்துப் பார்த்தான். குமிழி கோட்டைத் தாண்டி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வண்டி சாய்ந்து நின்றுதான் துளை போட்டிருக்கிறது. மேலே கண்ணுக்குத் தெரியாத சாய்வு, அறுநூறு அடியில் இருபது அடி தள்ளிப் போயிருக்கும். நேராகப் போட்ட மூன்று துளைக்கும் எட்டாத ஊற்று, அந்த இருபது அடிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது.

“நல்லா நிமித்திட்டு மறுபடி போட்டுத் தரட்டுங்களா?” என்றான் பயந்துகொண்டே.

“அந்த மட்டத்தை எடுத்துப் பைக்குள்ள போடு சாமி,” என்றார் குப்பாயம்மா. “என்ற தண்ணி கோணலாத்தான் இருக்குது. இருந்துட்டுப் போகட்டும்.”

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தோம். சென்னைத் தேர்வாளர் அம்மையார் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். யாழினி குழாயை மேசையில் வைத்ததும் பேராசிரியர் முகம் மலர்ந்தது.

“எங்க துறையில பாதுகாப்பு எப்பவும் கடுமைங்க மேடம்,” என்று ஆரம்பித்தார்.

யாழினி குறுக்கே பேசினாள். பூசைத் தட்டில் வைத்தது, பொய் சொன்னது, பழியை மாதையன் மேல் விழவிட்டது, புதுச்சத்திரம் வரை போனது, ஒன்று விடாமல் சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. “அவரு எடுக்கலைங்க. அவருக்கு எல்லாம் தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கலைங்க,” என்று முடித்தாள்.

தேர்வாளர் குழாயை எடுத்து, உருக்கி மூடிய நுனியை விளக்கில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“ரெண்டு நாள் ரிக் லாரியில ஆடியும் ஒரு துளி காத்து போகலை,” என்றார். “பொய் சொன்னது தப்பும்மா, அதை அறிக்கையில எழுதுவேன். ஆனா உன் போரான் இன்னும் கையை விடாம நிக்குது, அதையும் எழுதுவேன். இதை மூடினது யார்?”

மாதையன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

“உங்க பேரையும் எழுதணும். முழுப் பேர் சொல்லுங்க.”

பேராசிரியர் ரெண்டு தரம் தொண்டையைக் கனைத்தார். மாதையனுக்கு எதிரில் வந்து நின்றார்.

“தப்பா நினைச்சுட்டேன் மாதையா. மனசுல வெச்சுக்காதே. உனக்கு என்ன செய்யோணும்னு சொல்லு, செஞ்சு தர்றேன்.”

மாதையன் மேசையைப் பார்த்தார். “என்ற பொரிப் பையை மட்டும் குடுத்துருங்க சார். பேத்தி ரெண்டு நாளாக் கேட்டுட்டிருக்குது.”

பேராசிரியர் அவசரமாக ‘தடயம்’ கவரைக் கிழித்து, மஞ்சள் பையை ரெண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மாதையன் முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தார். பையைக் கையில் தூக்கி எடை பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“ஒரு பிடி குறையுதுங்களே,” என்றார்.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.